ரீனா மதினிக்குக் காட்டிய படம்

செப்டம்பர் 4

காலையில் அண்ணனின் கப்பல் கம்பெனியிலிருந்து மறுபடி போன். செங்கடலில் ஏவுகணை தாக்கிய கப்பல் மூழ்கிவிட்டது. மற்றவர்களை மீட்டுவிட்டார்களாம். என் அண்ணன் இனிகோவை மட்டும் காணவில்லை. ரீனா மதினி போனை வைத்துவிட்டு, "ஏளா ஷெர்லின், காணலன்னுதான சொல்லுதாங்க? எங்கயாவது கரையேறியிருப்பாக" என்றாள்.

செப்டம்பர் 7

அண்ணனின் சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு அடுக்குகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இலங்கைப் போரில் காணாமல் போனவர்களின் தாய்மாரைப் பத்திரிகைக்காக வவுனியாவில் வரைந்தேனே, அவர்களில் ஒருத்தி இன்னமும் மகனுக்குத் தினம் சோறு எடுத்து வைக்கிறாள். அந்தப் படத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள்.

செப்டம்பர் 11

போன் இல்லை. எதுவும் வரையவில்லை.

செப்டம்பர் 14

அண்ணனோடு கப்பலில் இருந்த ரெக்சன் ஊர் திரும்பிவிட்டான். பெரியதாழையில் அவன் வீட்டுக்குப் போனேன். அண்ணனைப் பற்றிக் கேட்டால் வேறு பேச்சுக்குப் போனான். என்ஜின் ரூம் எப்படி இருக்கும் என்று கேட்டு, அவன் சொல்லச் சொல்ல வரைந்தேன். ஏணி, பம்ப், புகை. திடீரென்று தாளில் ஓரிடத்தைத் தொட்டான்.

"இங்கன கெடந்தாரு அக்கா, அண்ணன். இழுத்துப் பாத்தேன். மூச்சு இல்ல. தண்ணி ஏறிட்டு… விட்டுட்டு வந்துட்டேன்."

கொஞ்சம் கழித்து, "மதினி போன்ல 'வருவாகல்ல'ன்னு கேட்டாவ. ஆமான்னுட்டேன்."

அந்த இடத்தில் அண்ணனை வரைந்தேன். புகையின் நிழலைக்கூடத் திருத்தினேன் — என்ன பிறவி நான்?

செப்டம்பர் 15

மதினிக்குக் காட்டவா? அவள் நம்பிக்கையைப் பிடுங்க நான் யார்? காட்டாவிட்டால் இவளும் சோறு எடுத்து வைத்துக்கொண்டே இருப்பாளே.

ரெக்சனுக்குப் போன் செய்தேன். காட்டலாமா என்று கேட்டேன். "காட்டுங்கக்கா. நானும் வாரேன்" என்றான்.

செப்டம்பர் 16

காட்டிவிட்டேன். மதினி படத்தைப் பார்த்தாள். ரெக்சனைப் பார்த்தாள்.

"ஏலே, நீ கண்ணால பாத்தியா?"

தலையாட்டினான். என் பக்கம் திரும்பினாள். "ஊருல உள்ள பொணத்தையெல்லாம் வரஞ்சது பத்தலையா ஒனக்கு? எம் புருசனையுமா?"

கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன காரியம் செஞ்சு தொலச்சேன்…

செப்டம்பர் 19

மதினி என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

செப்டம்பர் 25

சாயங்காலம் மாதா கோயிலிலிருந்து வந்து என் அறை வாசலில் நின்றாள்.

"சாமியாரப் பாத்துப் பூசைக்குச் சொல்லிட்டு வாரேன். அவுக ஆத்துமாவுக்கு. வெள்ளிக்கெழம."

போகத் திரும்பியவள் நின்றாள்.

"ரெக்சனையும் வரச் சொல்லு. கடைசியா அவுகளத் தொட்டது அவந்தான்."