தண்ணீர் எட்டாத மூலை

அன்பு வளருக்கு,

உன் மீன்களில் நாலைந்து போய்விட்டன. மற்றவை நன்றாக இருக்கின்றன. இதை முதலில் சொன்னால்தான் மீதியை நீ நிதானமாகக் கேட்பாய்.

நீ போய் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் முடிந்துவிட்டன. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு இந்த அறந்தாங்கி வீட்டில் மிஞ்சியது நானும், ஹாலில் நீ வைத்த அந்த இரண்டடிக் கண்ணாடித் தொட்டியும்தான். சவுதியில் இருந்த காலமெல்லாம் லீவுக்கு வந்து போகிறவனாகத்தானே இந்த வீட்டில் இருந்தேன். எந்த சுவிட்சைப் போட்டால் எந்த லைட் எரியும் என்பதே இப்போதுதான் கைக்குப் பழகுகிறது. தெருவில் எல்லோருக்கும் நான் இன்னமும் நர்ஸம்மா வீட்டுக்காரர்தான். சில நாள் பால்காரரைத் தவிர யாரோடும் பேசாமலே பொழுது போய்விடுகிறது.

மீனுக்குத் தீனி போடத் தெரியும். நீ போடுவதைப் பார்த்திருக்கிறேன், விரல் நுனியில் ஒரு சிட்டிகை. அதற்கு மேல் எனக்கு அந்தத் தொட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கோடை முற்றியபோது மீன்கள் விடியற்காலையில் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செடிகளின் இலை விளிம்பில் கறுப்பாக, மயிர் முளைத்த மாதிரி பாசி பிடித்தது. நீ நடுவில் படுக்க வைத்திருந்தாயே ஒரு மரக்கட்டை, அதற்குப் பின்னால் அழுகின இலையும் கழிவும் சேர்ந்து சேறாகிக் கிடந்தது. கையை விட்டேன். சாக்கடை வாடை அடித்தது.

அந்த வாரத்தில்தான் அந்த மீன்கள் செத்தன. ஒவ்வொன்றையும் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். இதை செல்வியிடம் போனில் சொன்னது தப்பாகப் போயிற்று.

"அப்பா, அதை யாருக்காச்சும் குடுத்துட்டு கோயமுத்தூருக்கு வந்துருங்கப்பா. ஒத்தையில கெடந்து என்ன செய்யிறீங்க?"

"மீனு இருக்குல்லம்மா."

"மீனுக்காகவாப்பா அங்க இருக்கீங்க?"

பிறகு அவளே, சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள். அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். உன் கை பட்டு இன்னும் உயிரோடு இருப்பது இந்த வீட்டில் அது ஒன்றுதான். அதுவும் என் கண் முன்னால் போய்விட்டால், கோயமுத்தூர் என்ன, எந்த ஊரில் போய் உட்கார்ந்தால் என்ன?

மறுநாள் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனேன். மீன் கடைக்காரர் நல்ல மனுஷர். போனில் எடுத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "தொட்டிக்குள்ள தண்ணி ஓட்டம் இல்லைங்க. ஓட்டம் இல்லாத எடத்துல அழுக்குத் தங்கும், காத்தும் கரையாது. கொஞ்சம் பெரிய மோட்டாராப் போட்டுப் பாருங்க" என்றார். வாங்கி வந்து மாட்டினேன். மணல் எல்லாம் எழும்பி, முன்வரிசைச் செடிகள் வேரோடு பிடுங்கிக்கொண்டு மிதந்தன. மீன்கள் வெள்ளத்தில் சிக்கினது போல ஒரு மூலையில் ஒடுங்கிவிட்டன. ஆனால் கட்டைக்குப் பின்னால் கிடந்த சேறு மட்டும் அசையவே இல்லை.

கழற்றி வைத்துவிட்டுப் பழைய மோட்டாரையே மாட்டினேன். அதன் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினேன். குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதில் இருக்கிற நல்ல கிருமி செத்துப்போகும் என்று நீ சொல்வாய். பிறகு ஒரு நாற்காலியைப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். வேறு என்ன வேலை எனக்கு?

மூலையில் இருந்த மோட்டாரின் வாய்க்கு முன்னால் மிதந்த ஒரு இலைத் துணுக்கைத் தண்ணீர் வேகமாகத் தள்ளியது. அது பக்கத்துக் கண்ணாடியில் முட்டித் திரும்பி, தண்ணீரை உள்ளே இழுக்கும் அந்த மோட்டாரின் அடியிலேயே போய் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதுவும் அப்படியே. அப்போதுதான் எனக்கு உறைத்தது, வளரு. இது என் தொழில்.

சவுதியில், தம்மாமில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஏசி போட்டோம். மெஷின் நல்ல மெஷின், ஆனால் பாதி மண்டபம் வேகிறது. இன்னும் பெரிய மெஷின் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். பார்த்தால், குளிர்காற்று வெளியே வரும் வாய்க்குப் பக்கத்திலேயே காற்றைத் திரும்ப உள்ளே இழுக்கும் வாயையும் வைத்திருந்தார்கள். வந்த காற்று மண்டபத்தைச் சுற்றாமலே திரும்பிப் போய்விட்டது. இழுக்கும் வாயை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். அதே மெஷின், மண்டபம் முழுக்கக் குளிர்ந்தது. உன் தொட்டியிலும் அதே கதைதான். கொடுப்பதும் எடுப்பதும் ஒரே மூலையில் இருந்தால் மற்ற இடத்துக்கெல்லாம் தண்ணீர் எப்படிப் போகும்?

ஹார்டுவேர் கடையில் மெல்லிசான பிவிசி பைப் வாங்கி, மோட்டாரின் வாயில் மாட்டி, பின்கண்ணாடியை ஒட்டிக் கொண்டுபோய் எதிர்மூலையில் முடித்தேன். அந்த முனையை அடைத்துவிட்டு, கடைசி ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வரிசையாகத் துளை போட்டேன். முதலில் போட்ட துளை சின்னது, தண்ணீர் ஊசி மாதிரி பாய்ந்தது. கொஞ்சம் பெரிதாக்கினதும் மெத்தென்று வந்தது. துளைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி வைத்தேன், மேற்பரப்பு லேசாக நெளிந்தால்தான் காற்று கரையும். கட்டையைப் பின்கண்ணாடியிலிருந்து இரண்டு விரல் அளவு நகர்த்தினேன். பின்னால் புதராக மண்டியிருந்த நீளப் புல்லில் பாதியைக் களைந்தேன். பாசி பிடித்த இலைகளை வெட்டினேன். உனக்கு மனசு வந்திருக்காது. எனக்கும் வரவில்லை.

சுவிட்சைப் போட்டுவிட்டுத் தீனியைப் பொடியாக்கி ஒரு சிட்டிகை விட்டேன். அது அந்த மூலையில் கிளம்பி, முன்கண்ணாடி ஓரமாக வந்து, இந்த மூலையில் திரும்பி, கட்டைக்குப் பின்னால் நுழைந்து வெளியே வந்தது. இலைகள் எல்லாம் மெதுவாக அசைந்தன. ஒரு செடி கூடச் சும்மா நிற்கவில்லை.

"வளரு, இங்கிட்டு வா, வந்து பாரு" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டேன்.

சத்தமாகவே கூப்பிட்டிருக்கிறேன்.

அதன் பிறகு மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கவில்லை. புது இலைகள் சுத்தமாக வருகின்றன. இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று இருந்தபோதுதான் எதிர்வீட்டு ஸ்டெல்லா வந்தாள். நீ ஊசி போட்டால்தான் வலிக்காது என்று சொல்வாளே, அவள்தான். வீட்டுக்காரர் குவைத்தில், மகனும் இப்போது திருச்சியில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டானாம். கிண்ணத்தில் மீன்குழம்பு கொண்டுவந்தவள் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, எனக்கும் இந்த மாதிரி சின்னதா ஒண்ணு வச்சுத் தாரீங்களா?"

"வச்சுரலாம். பையன் லீவுக்கு வந்தா பாக்கவா?"

"அவனுக்கில்லண்ணே, எனக்குத்தான்." கொஞ்சம் தயங்கினாள். "ஒத்தையில சாப்புட உக்காந்தா சோறு எறங்க மாட்டேங்குது. எதுத்தாப்புல உசுரோட ஏதாச்சும் அசைஞ்சுக்கிட்டிருந்தாப் பரவாயில்ல."

அவள் போன பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்குப் போனேன். வழக்கமாக நான் உட்காரும் நாற்காலியை விட்டுவிட்டு, சுவரோரம் இருக்கும் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். நேர் எதிரே தொட்டி. வாசலில் இருந்து வருகிறவர்களுக்கு அதன் பக்கவாட்டுதான் தெரியும். சோபாவிலிருந்து பார்த்தால் பாதி மறைக்கும். அந்த ஒரு நாற்காலியிலிருந்து மட்டும்தான் முழுசாகத் தெரிகிறது.

செல்வி கல்யாணமாகிப் போன வருஷம்தானே அதை வாங்கினாய்? எத்தனை வருஷம் அப்படித் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாய்? அந்தக் கனமான கண்ணாடியைப் பஸ்ஸிலா கொண்டுவந்தாய்? யார் உனக்குத் தூக்கிக் கொடுத்தது? தினம் போனில் பேசினோம், வளரு. நீ ஒரு நாளும் சொல்லவில்லையே.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவள் வீட்டுக்குப் போகிறேன். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாள் என்று கேட்டுவிட்டு, அதற்கு நேர் எதிரே தொட்டியை வைத்துத் தருவேன். செல்வியிடமும் சொல்லிவிட்டேன், தீபாவளிக்கு வந்து தங்குகிறேன், ஆனால் திரும்பி வந்துவிடுவேன் என்று. இனி இந்த வீட்டில் நான் உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

நீ சாப்பிட்டு முடிக்கும் வரை கூடவே உட்கார்ந்திருக்க ஆசைப்படும்
உன் வீட்டுக்காரன்,
ராமையா