கருகிய ஃபியூஸ்

என்னங்க,

நீங்கள் வாசலில் பைக்கின் கிக்கரை மிதிக்கிற சத்தம் சமையலறை வரை கேட்கிறது. அடுப்பு மேடையில் வைத்துத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

முதல் நாள் பெட்ரோல் அடைப்பு என்று கார்புரேட்டரைக் கழுவினீர்கள். அப்புறம்தான் ஃபியூஸ் போயிருப்பதைப் பார்த்தீர்கள். புதிது மாட்டியதும் வண்டி கிளம்பியது. குளித்துவிட்டு வந்தால் மறுபடியும் செத்துக் கிடந்தது. "எங்கயோ வயர் உரசுது, அதான் போடப் போட கருகுது" என்று என் தம்பியிடம் போனில் புலம்பினீர்கள். இப்போது வயர் மொத்தத்தையும் உரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மிதிக்கிறீர்கள்.

வயர் எங்கும் உரசவில்லை. முதல் ஃபியூஸ் மட்டும்தான் தானாகப் போனது; அதற்கப்புறம் நீங்கள் குளிக்கப் போகும்போதெல்லாம் நல்ல ஃபியூஸை எடுத்துவிட்டு, நீங்கள் தூக்கிப் போட்ட கருகியதை மாட்டி வைத்தது நான்தான்.

துவைக்க எடுத்த சட்டைப் பையில் டாக்டர் சீட்டு இருந்தது. போன வாரம் ஆபீஸில் வலிப்பு வந்து விழுந்ததை என்னிடம் மூச்சுவிடவில்லை நீங்கள். வண்டி ஓட்டக் கூடாது என்பதன் கீழே அவர் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

நல்ல ஃபியூஸ் மூன்றும் அந்தச் சீட்டும் இந்தக் கவரில் இருக்கின்றன. இனி நான் எதையும் எடுக்க மாட்டேன். மாட்டுவதானால் மாட்டுங்கள். ஆனால் தினமும் பின்சீட்டில் நானும் ஏறிக்கொள்வேன்.

இப்படிக்கு,
மூன்று நாளாக நீங்கள் தேடுகிற கோளாறு