முள் ஏறவில்லை என்றாள் அக்கா

பிப்ரவரி 6, செவ்வாய்

அக்காவின் கார் மறுபடியும் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பாலத்தின் மேல். அத்தானுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போன மாதம் ரேடியேட்டர் விசிறி ஓடாமல் எஞ்சின் கொதித்தது. விசிறியை நான்தான் மாற்றிக் கொடுத்தேன். இப்போது எதற்கு நிற்கிறது?

நான் போய்ச் சேர அரைமணி ஆனது. சாவியைத் திருப்பினேன், உடனே கிளம்பிவிட்டது. ஏதோ அவள் பொய் சொல்லி என்னை வரவழைத்த மாதிரி ஆகிவிட்டது. அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

பிப்ரவரி 7

என் பட்டறையில் நாள் முழுக்க அந்தக் கார்தான். எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். தண்ணீர் எங்கும் ஒழுகவில்லை. பெட்ரோல் வருகிறது. பிளக்குக்கு மின்சாரம் ஏற்றித் தரும் காயிலை மீட்டர் வைத்து அளந்தேன். கணக்காக இருக்கிறது. பொறியும் நீலமாக, பளிச்சென்று வருகிறது.

அப்புறம் என்னதான் கேடு இதற்கு?

பிப்ரவரி 8, வியாழன்

போகும்போது ஒழுங்காகப் போயிருக்கிறது. வரும்போது சிக்னலில் படுத்துவிட்டது. அத்தான் சோர்ந்துபோய் வெயிலில் உட்கார்ந்திருந்தாராம்.

"தண்ணி பாத்தியாக்கா?"

"பாத்தேன். நிறைய இருந்துச்சு. சூடு காட்டுற முள்ளு கூட ஏறலடி, நடுவுலதான் நின்னுச்சு."

போன மாதம் கொதித்த வண்டி, இப்போதும் சூட்டில்தான் நிற்கிறது. முள் மட்டும் எப்படி ஏறாமல் இருக்கும்? கவனித்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம். "நீ ரோட்டப் பாத்தியா, முள்ளப் பாத்தியா?" என்று வாயை விட்டேன்.

போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 9

கால் மணி நேரம் அந்தக் காரில் தெருவைச் சுற்றினேன். நிற்கவில்லை. நாளைக்கு எடுத்துக்கொண்டு போ என்று அக்காவிடம் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன்?

பிப்ரவரி 10, சனி

நின்றுவிட்டது. அக்கா எனக்குப் போன் செய்யவில்லை. டாக்சி பிடித்துப் போவதற்குள் அத்தானுக்கான இயந்திரத்தில் வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை வாங்க என்று அனுப்பியிருக்கிறார்கள். சாயங்காலமே அத்தானுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. மறுபடி ஓடி, அவசரப் பிரிவில் சேர்த்திருக்கிறாள்.

"ஏங்க்கா என்னைக் கூப்பிடல?"

"கூப்பிட்டா? நீ வந்து சாவியத் திருப்புவ, அது கிளம்பும். அப்புறம் என்னைத்தான் கேள்வி கேப்ப."

 இருபது வருஷமாக ஸ்பேனர் பிடித்த கை இது. ஒரு காரைப் பார்க்கத் தெரியவில்லை.

பிப்ரவரி 11

அத்தானுக்கு மூச்சு சீராகிவிட்டது. ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள்.

கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது தோன்றியது: நான் தொடும்போதெல்லாம் அந்தக் கார் ஆறிப்போய் இருக்கிறது. அவளிடம் சூடாக நிற்கிறது, என்னிடம் ஆறிப்போய்க் கிளம்புகிறது. நான் அளந்ததெல்லாம் ஆறின எஞ்சினை. சரி, ஆனால் முள் ஏறவில்லை என்கிறாளே — அது பொய்யில்லை என்றே வைத்துக்கொண்டால்?

பிப்ரவரி 12

உதிரி பிளக், மீட்டர், தண்ணீர் பாட்டில், துணி — எல்லாம் பக்கத்து சீட்டில். நிற்கிற வரைக்கும் அக்காவின் காரை ஓட்டுவது என்று கிளம்பினேன். பாலத்தில் மூன்று முறை ஏறி இறங்கினேன். ஐம்பது நிமிடம் கழித்து, பழக்கடை எதிரே, சத்தமில்லாமல் அணைந்தது. முள்ளைப் பார்த்தேன்.

நடுவில்தான் நின்றது. கொஞ்சம்கூட ஏறவில்லை.

பானெட்டைத் திறந்து உதிரி பிளக்கை மாட்டி, பழக்கடைக்காரரைச் சாவி திருப்பச் சொன்னேன். பொறியே இல்லை. காயிலோ கைவைக்க முடியாமல் கொதித்தது. காயிலின் உள்ளே கம்பி அறுந்ததாக மீட்டர் காட்டியது. சாவியை அணைத்து, ஈரத்துணியைக் காயிலின் மேல் போட்டுக் காத்திருந்தேன். "என்னம்மா, காருக்குக் காய்ச்சலா?" என்றார் அவர். பத்து நிமிடம் கழித்துப் பொறி வந்தது. வண்டியும் கிளம்பியது.

போன மாதக் கொதிப்பில் காயிலும் வெந்திருக்கிறது. எஞ்சின் கொதிக்காமலே, வழக்கமான சூட்டிலேயே உள்ளே கம்பி விலகுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. கொதிப்பை நிறுத்திவிட்டு, அது விட்டுப்போன காயத்தைப் பார்க்கவில்லை நான்.

பிப்ரவரி 13

புதுக் காயில் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டினேன். நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனது. காயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அத்தான்தான் சிரித்தார்: "நானும் அப்படித்தாம்மா. டாக்டர் வர்ற நேரத்துல மட்டும் நல்லா இருப்பேன்."

அக்கா சிரிக்கவில்லை. "அன்னிக்கே சொன்னேன்ல" என்றாள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 17

அத்தான் வீடு வந்துவிட்டார். டயாலிசிஸுக்கு டாக்சியில் போகிறார்கள். கார் பட்டறையிலேயே நிற்கிறது.

பிப்ரவரி 24, சனி

காலையில் அக்கா வந்து சாவியைக் கேட்டாள். கொடுத்தேன். போய்விட்டாள். மத்தியானம் வரை கையில் வேலையே ஓடவில்லை.

இரண்டு மணிக்குப் போன்.

"வீட்டுக்கு வந்துட்டோம். வண்டி நல்லா ஓடுது. மழையில வைப்பர்தான் சரியாத் துடைக்கல. நாளைக்குக் கொண்டு வரேன், பாரு."

"எந்தப் பக்கம்க்கா? மேலயா, கீழயா? சத்தம் வருதா?"

அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.