வாப்பா வந்து பார்க்கும் விளையாட்டு

காலையில் என் மகள் டிவியில் ஒரு புது விளையாட்டைப் போட்டாள். ஒரு பையன் மண்வெட்டியால் நிலத்தைக் கொத்துகிறான், கொத்துக்கு ஒரு 'டுப்' சத்தம். காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். நம் பண்ணை விளையாட்டேதான். இப்போது எத்தனையோ பாகம் வந்துவிட்டதாம். "இதுல எதுப்பா ரொம்ப நல்லாருக்கும்?" என்று கேட்டாள். நீ இருந்திருந்தால் அவளை உட்காரவைத்துச் சாயங்காலம் வரை பேசியிருப்பாய். என்னிடம் கேட்டாள், நான் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

அந்த விளையாட்டின் முதல் கேசட்டை உன் வாப்பா சவுதியிலிருந்து யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார். நாம் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் விட்டதும் வண்ணார்பேட்டையில் பஸ் பிடித்து மேலப்பாளையத்துக்கு உன் வீட்டுக்கு ஓடிவருவோம். கதை எளிது. அப்பாவும் அம்மாவும் பையனிடம் பாழடைந்த பண்ணையை ஒப்படைத்துவிட்டு வெளியூர் போய்விடுவார்கள். அவன் உழைக்க வேண்டும், ஊரில் பழக வேண்டும், கல்யாணமும் செய்துகொள்ளலாம். சில வருஷம் கழித்து அப்பா திரும்பி வந்து பண்ணையைச் சுற்றிப் பார்த்து, பையன் எப்படி வைத்திருக்கிறான் என்று சொல்வார். ஆட்டம் அதோடு முடியும்.

நாம் செய்த கூத்து நினைவிருக்கிறதா? தாமிரபரணித் தண்ணீரில் கார் சாகுபடியையும் பிசானத்தையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஐப்பசிக்கு மேல் விளைகிற பிசானம்தான் பெரிய போகம் என்பது நமக்குச் சந்தேகமே இல்லாத விஷயம். அதனால் விளையாட்டிலும் கோடை முழுக்க விதையை வாங்கி வாங்கிச் சேர்த்தோம். "இப்ப போடாதலே. பிசானத்துக்குப் போடுவோம், வெளச்சல் அள்ளிரும்" என்றாய். காத்திருந்தோம். மரத்து இலையெல்லாம் சிவந்து உதிர்ந்தது, பிறகு பனி கொட்டியது. அந்த ஊரில் கோடைக்குப் பிறகு ஒன்றும் முளைக்காது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உன் முகம் சுண்டிப்போயிற்று. "வாப்பா வந்து பாத்தா என்னலே நெனப்பாரு?" என்றாய். விளையாட்டில் வருகிற அப்பாவைச் சொல்கிறாயா, அந்த ரம்ஜானுக்கு லீவில் வரப்போகிற உன் வாப்பாவைச் சொல்கிறாயா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் உனக்கு ஒன்றுதான் என்பது பிறகுதான் புரிந்தது. அவர் வருவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்று முதலிலிருந்து ஆரம்பித்தாய்.

வாப்பா வந்தார். வீடு முழுக்க அத்தர் வாசமும் சொந்தக்காரர்களும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவரைக் கையைப் பிடித்து டிவி முன்னால் உட்கார வைத்தாய். உன் பண்ணை அவ்வளவு அழகாக இருந்தது. விளையாட்டு அப்பா ஒவ்வொரு பாத்தியாக நடந்து வந்துகொண்டிருந்தார். அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். வாப்பா எழுந்தார். "சரிலே, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டியா? பரீச்ச முடிஞ்சதும் சவுதிக்கு சபர் கெளம்பணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ எட்டி சுவிட்சை அணைத்தாய். அந்த அப்பா கடைசியில் என்ன சொல்வார் என்பதை நாம் பார்க்கவே இல்லை. அந்தக் கேசட்டை நீ அதற்குப் பிறகு தொடவும் இல்லை.

நீ சவுதிக்குப் போனாய். முதல் லீவில் இரண்டாம் பாகத்தோடு வந்தாய். அது கையில் வைத்து ஆடுவது, கட்டம் கட்டமான சாம்பல் படம். எனக்குப் பிடிக்கவே இல்லை. கல்யாணம் கிடையாது. ஊருக்குள் போனால் பழக ஆளில்லை, கடைகள்தான். அப்பா வருவார் என்ற பேச்சே இல்லை, ஆட்டம் அதுபாட்டுக்கு ஓடும். "இது என்னவே வெளையாட்டு, ஒரு ஈ காக்கா இல்ல?" என்றேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "மொதலாவது கத விடுதுலே. இதுதான் நெசம். எழும்புதோம், வேல பாக்குதோம், கடைக்குப் போயி சாமான் வாங்குதோம், உறங்குதோம். யாரு வந்து பாக்கா?"

லீவுக்கு லீவு இதே சண்டை. முதலாவதுதான் உயர்த்தி என்று நான் கத்துவேன், நீ சிரித்து மழுப்புவாய். உண்மையில் நான் விளையாட்டுக்காகக் கத்தவில்லை. உனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அதையும் நீ லீவில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாய். இங்கேயே இருந்துவிடு என்று நேராகச் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் விளையாட்டைச் சொல்லிச் சண்டை போட்டேன். ஜெயித்தது நீதான்.

போன மாதம், நீ வேலை முடிந்து அறைக்கு வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று தகவல் வந்தது. அங்கேயே அடக்கிவிட்டார்கள். உன் முகத்தைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை என்று யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லோர் மேலும் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் வீட்டுக்குப் போனேன். வாப்பா இப்போது ஊரோடுதான் இருக்கிறார், கண் மங்கிவிட்டது. என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "மருமவனே, அன்னைக்கு டிவியில என்னத்தையோ காட்டுனானே, அது என்ன?" என்றார். பையன் தனியாகப் பண்ணையைப் பார்த்துக்கொள்வதையும், கடைசியில் அப்பா வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்வதையும் விளக்கினேன்.

"சொன்னாரா?"

"தெரியல மாமா. அதுக்குள்ள அணச்சிட்டான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வாய்க்கால ஒட்டி வரிசையா பூச்செடி வச்சிருந்தான். நடுவுல நடக்கதுக்குத் தடம் விட்டிருந்தான்" என்று பையச் சொன்னார். "நல்லாத்தான்டே வச்சிருந்தான்."

அவர் பார்த்திருக்கிறார். இத்தனை வருஷமும் மறக்கவில்லை. உனக்குச் சேர வேண்டிய அந்த ஒரு வார்த்தையை அவர் என் கையில் கொடுத்துவிட்டார். அதைக் கொண்டுவந்து உன்னிடம் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.