குடிலுக்குள் ஒரு கோம்பை நாய்

சேசு மரி சூசை துணை

ராயப்பன்பட்டி
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் அமலுவுக்கு அப்பா சந்தியாகு எழுதுவது. எழுத்து கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன், ஆனாலும் வரப்பில் நிற்காத ஆடு மாதிரி எழுத்து ஏறி ஏறி இறங்குகிறது. ஒரு பக்கத்துக்கே நான்கு சாயங்காலம் ஆகிறது. நடுவில் தாள் நைந்திருப்பதைப் பார்த்து அப்பா அழுதார் என்று நினைக்காதே, அது ரப்பர் வேலை. இங்கே நானும் அம்மாவும் சுகம், அயர்லாந்தில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று செபமாலையில் பத்து மணி தினமும் உனக்கென்றே தள்ளுகிறோம். ஆமாம் ஆத்தா, இதை உன் அப்பன்தான் எழுதுகிறேன், யாரும் கையைப் பிடிக்கவில்லை. எழுபத்திரண்டு வயதுவரை கைநாட்டு வைத்தவன் இப்போது பஸ்ஸில் போகும்போது கடைப் பலகை ஒன்றைக்கூட விடுவதில்லை, சத்தமாக வாசிக்கிறேன் என்று அம்மா தொடையில் கிள்ளுகிறாள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, நீ அனுப்பிய தைலம் வாசமாக இருக்கிறது என்று துணிப்பெட்டியில் வைத்துக்கொண்டாள், தேய்ப்பதில்லை, நீ போனில் சத்தம் போடு. பந்தலில் இந்த முறை திராட்சை நன்றாகப் பிடித்தது, கடைசி மழையில் கொஞ்சம் வெடித்துவிட்டது. உத்தமபாளையத்திலிருந்து லத்திபா என்ற பிள்ளை வந்து பஞ்சாயத்துக் கட்டடத்தில் எங்களைப் போன்ற கைநாட்டுகளுக்குப் பாடம் எடுக்கிறது. தாத்தா, வீட்டுப்பாடம் எங்கன, நேத்தும் கொண்டாரல என்று என்னை அதட்டும். பன்னிரண்டு பேரில் நான்தான் மக்கு, ஆனால் நான்தான் விடாமல் போனவன். எதற்காகப் போனேன் என்று உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

போன கிறிஸ்துமசுக்கு நீ போன் பண்ணினாய். இனிமேல் பூசைக்குப் போவதில்லை என்றாய். ஆஸ்பத்திரி வேலையில் எத்தனையோ பேர் சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், யாரும் வந்து கூட்டிக்கொண்டு போகவில்லை, எல்லாம் நம்ம கற்பனைதாம்ப்பா என்றாய். நான் திராட்சை இப்படி, மழை இப்படி என்று எதையோ பேசி வைத்துவிட்டேன். போனில் பேச்சு ஓடிவிடும், எழுதினால் ஒவ்வொரு சொல்லாக யோசித்துப் பதில் சொல்லலாம் என்று தோன்றியது. பொங்கல் கழிந்ததும் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

நற்செய்தியை நானே வாசிக்க வேண்டும் என்று நினைத்து, முதலில் மாட்டுத்தொழுவத்தில் ஆண்டவர் பிறந்த இடத்தைத் தேடி எடுத்தேன். நமது கிறிஸ்துமஸ் குடிலில் வருசா வருசம் வாய்க்கால் மண்ணில் நான் நம்ம பக்கத்துக் கோம்பை நாய் செய்து வைப்பேனே, மிளகு எடுத்து நீதான் கண் பதிப்பாய். உனக்கு ஏழு வயதில் ஞானோபதேச வகுப்பில் குழந்தை சேசுவுக்குப் பக்கத்தில் யார் யார் இருந்தது என்று கேட்டதற்குக் கோம்பை நாய் என்று சொல்லி, எல்லோரும் சிரித்து, மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு வந்தாய். நம்ம தோட்டத்துக்கு ஆட்டுக்கிடை போட வருகிற கீதாரி நாயில்லாமல் வந்திருக்கிறானா, சேசுவைப் பார்க்க அந்த இடையர்கள் மட்டும் எப்படி வந்திருப்பார்கள் என்று உன்னைச் சமாதானம் பண்ணினேன். இப்போது விரல் வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தேன். நாய் இல்லை. பொய் சொல்லிப் பிள்ளையை வளர்த்தேனே என்று முதல் வரிக்கே விரலைக் கொண்டுபோனேன். திரும்ப வாசித்தேன். அமலு, மாடும் இல்லை! கழுதையும் இல்லை. தொழுவம் என்றுகூட இல்லை. ஒரு தீவனத் தொட்டி மட்டும் இருக்கிறது. பக்கம் ஒட்டியிருக்குமோ என்று பிரித்துப் பார்த்தேன். லத்திபாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன், இல்ல தாத்தா, நீங்க சரியாத்தான் வாசிச்சிருக்கீக என்றது.

நேரே கோயில் உபதேசியார் ஞானப்பிரகாசம் வீட்டுக்குப் போனேன். மாட்டைக் காணோம் என்றேன். யார் வீட்டு மாடு என்று எழுந்துவிட்டார். குடில் மாடு என்றதும், தொட்டி இருக்குல்ல, தொட்டி இருந்தா மாடு இருக்காதா என்றார். அப்படியென்றால் இடையர் இருந்தால் நாய் இருக்காதா என்றேன். ஏலே சந்தியாகு, நாலு எழுத்து படிச்சதும் வம்புக்கு வந்துட்டியா என்று சிரித்துக் காபி கொடுத்தார். இவுக எழுத்து படிச்சாக, உபதேசியாருக்கு நிம்மதி போச்சு என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

வரும் வழியெல்லாம் இதைத்தான் யோசித்தேன். யாரோ ஒருவர் அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குக் குளிருமே என்று மாட்டைக் கொண்டுவந்து சூடாக மூச்சுவிட நிறுத்தியிருக்கிறார். கற்பனைதான். நீ சொன்னது சரி. ஆனால் உன்னையும் நான் கற்பனையில்தானே வைத்திருக்கிறேன். அயர்லாந்தை நான் கண்டதில்லை. நீ வேலைக்குக் கிளம்பும் நேரம் இங்கே மதியம், நான் பந்தலுக்குள் நின்று உன்னைப் பார்ப்பேன். மழை தூறுகிறது, நீலக் கோட்டு போட்டு ஒரு பாலத்தில் நடந்து போகிறாய், ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதேயில்லை. ஆறு வருசமாக அந்தப் பாலத்தில்தான் போகிறாய். பாலம் பொய்யாக இருக்கலாம், கோட்டு வேறு நிறமாக இருக்கலாம். நீ பொய்யில்லையே ஆத்தா. கண்ணில் படாத பிள்ளையை நினைப்பதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை, கண்ணில் படாத கடவுளுக்கும் அதே வழிதான். யாரும் வரவில்லை என்றாயே, கையைப் பிடித்துக்கொண்டு நீ இருந்தாய். உன்னை யாரென்று நினைத்துக்கொண்டு அவர்கள் கண்ணை மூடினார்களோ, அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பூசைக்குப் போ என்று எழுத நான் எழுத்து படிக்கவில்லை. நேற்று இந்த வருசத்து நாயைச் செய்துவிட்டேன், ஜன்னலில் காய்கிறது. கண் பதிக்கவில்லை. அம்மா மிளகு டப்பாவை எடுத்து வந்தாள், வேண்டாம், அது அமலு வேலை என்று சொல்லிவிட்டேன். லீவு கிடைத்தால் வந்து பதி. கிடைக்காவிட்டால் கண் இல்லாமலே குடில் வாசலில் ரோட்டைப் பார்க்க வைக்கிறேன், நாய்க்கு ஆள் வருவது மோப்பத்தில் தெரியும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், நின்றுகொண்டே சாப்பிடாதே. நீ போகும் வழியில் பாலம் உண்டா என்று மறக்காமல் எழுது. இல்லையென்றால் வருத்தமில்லை, என்ன இருக்கிறதோ அதைச் சொல், அதில் உன்னை நடக்கவிடுகிறேன். வருகிற வாரமும் எழுதுவேன், இந்தக் கை இப்போதுதான் ருசி கண்டிருக்கிறது. உன் நெற்றியில் சிலுவை போட்டு அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அப்பா,
ம. சந்தியாகு
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)