படகின் மூக்கில் உட்கார்ந்தவனுக்கு

இன்று காலை படகைக் கரைக்கு இழுத்துப் போட்டு, பின்பக்கத் தகடுகள் இரண்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கிற பழைய சிலிக்கன் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினேன். குழாயின் நுனியை வெட்டியதும் அந்த வாசனை வந்துவிட்டது. வினாகிரியின் புளித்த வாசனை. பதுளையில் வாங்கிய முதல் குழாயை உன் கட்டிலுக்குக் கொண்டுவந்து காட்டியபோது, ஒரு பொட்டு பிதுக்கி முகர்ந்துவிட்டு, "என்னடா, அச்சாறு போத்தல தொறந்த மாதிரி இருக்கு" என்றாய். உனக்குப் பசி என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்த நாட்கள் அவை. பூசியது காயும்வரை படகின் நிழலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நீ போய் ஒரு வருடம் ஆகிறது. நேரில் சொல்ல வாய் வராதவன் இப்போது எழுதி என்ன கிழிக்கப் போகிறான் என்று நீ கேட்பாய். கேள். இருந்தாலும் எழுதுகிறேன்.

நம் இரண்டு பேரையும் யாராவது படகுக்காரர்கள் என்று சொன்னால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். நீ ஸ்பிரிங்வெளி தேயிலைப் பெக்டரியில் மெஷின்களோடு மல்லுக்கட்டிய பிட்டர். நான் அதே தோட்டத்தில் கொழுந்து ஏற்றிய டிராக்டரின் டிரைவர். இருவருக்கும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் பழக்கமில்லை. தோட்டத்தில் வேலை நாள் குறைந்துகொண்டே வந்தபோது, மகியங்கனைப் பக்கத்துப் பெரிய குளத்தில் யானை பார்க்க வருகிறவர்களுக்குப் படகு ஓட்டலாம் என்ற யோசனையைக் கிளப்பியது நான்தான். மூன்று நாள் என்னைப் பைத்தியக்காரன் என்றாய். நான்காம் நாள் ஸ்பேனர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தில் எனக்கு முன்பே வந்து நின்றாய்.

மட்டக்களப்பிலிருந்து வாங்கி வந்த பழைய ஃபைபர் படகு. இன்ஜினை முறுக்கினால் பின்பக்கம் தண்ணீருக்குள் அமுங்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். எதிரே பட்டமரம் நிற்கிறதா, யானை நிற்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. கடலோரத்து ஆட்களாக இருந்தால் என்ன செய்திருப்பார்களோ. நாம் தோட்டத்து ஆட்கள். ஏழாம் நம்பர் மலையில் கொழுந்துப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறும்போது டிராக்டரின் முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பினால், பக்கத்தில் நிற்கிற ஒருவர் ஓடி வந்து முன்னால் ஏறி உட்காருவார். சக்கரம் இறங்கிவிடும். நமக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

"இரு, நான் போய் மூக்குல உக்காருறேன்" என்றாய். உட்கார்ந்தாய். மூக்கும் இறங்கியது. இரண்டு பேரும் பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்ட மாதிரி குளம் முழுக்கச் சிரித்துக்கொண்டு சுற்றினோம். அன்றைக்கு ஏறியவன் ஆறு வருடம் அந்த இடத்தை விட்டு இறங்கவில்லை.

உன் உடம்புக்கு அது பொருத்தமான வேலைதான் என்று நான் கேலி செய்வேன். "ஒன்ன மாதிரி ஒல்லிக்குச்சி உக்காந்தா படகு பறந்துல்ல போகும்" என்று நீ திருப்பிக் கொடுப்பாய். வந்தவர்களைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்து, யானைக்குப் பெயர் வைத்து, அதற்கு மாமியார் கொடுமை இருப்பதாகக் கதை கட்டிச் சொல்வாய். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் உன்னைத்தான் கப்டன் என்று நினைப்பார்கள். என்னை உன் உதவியாள் என்று நினைத்து, "கப்டன் நல்லா கதைக்கிறார்" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் கோபம் வந்ததில்லை. புது ஆட்களிடம் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச எனக்கு வராது. நீ இல்லாவிட்டால் அந்தத் தொழிலே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இனி நான் மறைத்ததைச் சொல்கிறேன். முதல் வருடம், இன்ஜின் திருத்த மட்டக்களப்பிலிருந்து ஒருவர் வந்தாரே, நரைத்த தாடிக்காரர், நினைவிருக்கிறதா? நீ சாப்பாட்டுப் பார்சல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். அவர் படகின் பின்பக்கத்தைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, பின்னுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு தகடு அடிங்க. ட்ரிம் டெப் எண்டு சொல்றது. தகடு தண்ணிய அமத்தும், பின்பக்கம் எழும்பும், மூக்கு தானா இறங்கும். ஆள முன்னுக்கு இருத்தத் தேவையில்ல" என்றார். பிறகு, "அவருக்கு முதுகு போயிரும்" என்று சேர்த்துச் சொன்னார்.

நீ பார்சலோடு வந்தாய். நான் சொல்லவில்லை.

படகில் ஓட்டை போடப் பயம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த நாட்களில் நீ இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை, "பேசாம பெக்டரிக்கே போயிரலாம்டா, டீமேக்கரு இன்னும் கூப்புடுறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மூக்கில் ஆள் தேவையில்லை என்று தெரிந்தால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிடுவாய் என்று பயந்தேன். எனக்குப் பாரம் தேவைப்படவில்லை. நீ தேவைப்பட்டாய். அதை வெட்கமில்லாமல் உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்காமல், படகுக்கு நீ வேண்டும் என்கிற மாதிரி விட்டுவிட்டேன். அடுத்த வருடம் நீ பெக்டரிப் பேச்சையே விட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் சொல்லாததே ஒரு வருடத்துக் குற்றமாகிவிட்டது. பிறகு இரண்டு வருடம், மூன்று வருடம்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பகல் திரும்பினால் குளம் கடல்போல் எழும்பும். அலைக்கு அலை மூக்கு எழும்பி அடிக்கும். பின்னால் இருக்கிற எனக்கே பல் கிட்டிக்கொள்ளும். அடி முழுவதும் விழுகிற இடத்தில் நீ இருந்தாய். கொழுந்து பறிக்கும்போது உன் வீட்டுக்காரி இடுப்பில் கட்டுகிற பழைய படங்குச் சாக்கைக் கொண்டுவந்து நாலாய் மடித்துப் போட்டு உட்கார்ந்தாய். அடுத்த வருடம் இரண்டு படங்கு. அதன் பிறகு மூன்று. நான் அதையும் கேலி செய்தேன். "ராசாவுக்கு மெத்தை கேக்குதோ" என்றேன். நீ சிரித்தாய். இரண்டு கைகளாலும் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

உன் முதுகெலும்பில் இருந்தது வேறு வியாதி. பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் தெளிவாகச் சொன்னார், படகில் அடிபட்டதால் வந்தது இல்லை என்று. நம்பிக்கையில்லாமல் மறுநாளும் போய்க் கேட்டேன். அதையேதான் சொன்னார். "ஆனா நோவு கடுமையா இருந்திருக்கும். எப்படி இவ்வளவு நாள் தாங்கினார்?" என்று என்னைக் கேட்டார். 

வார்டில் நீ படுத்திருந்த ஒரு பகல், நான் உள்ளே வந்ததும் மகளின் போனைத் தூக்கிக் காட்டினாய். முகமெல்லாம் வெளிச்சம்.

"டேய், இங்க வா. இத பாரு. வெள்ளக்காரன் படகுக்குப் பின்னாடி ரெண்டு தகடு அடிச்சிருக்கான். மூக்கு எப்புடி இறங்கி போகுது பாரு. நம்மள மாதிரி முட்டாப்பயலுக ஒலகத்துல இல்லடா."

முதல் தடவை பார்க்கிறவன்போலக் குனிந்து பார்த்தேன். "அட" என்றேன். அந்த இரண்டு எழுத்துச் சொல்லை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதன்பிறகு உனக்கு வேறு பேச்சில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டதும், பெக்டரிப் பொறுப்பில் இருக்கிற டீமேக்கரிடம் ஆள் அனுப்பி, பெக்டரியில் கழித்துப் போட்ட சல்லடை மெஷினின் துருப்பிடிக்காத தகட்டைக் கேட்டு வாங்கினாய். தோட்டத்து லயத்து வீட்டில், கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் பலகை வைத்து, இரண்டு துண்டின் விளிம்பையும் அரத்தால் தேய்த்தாய். ஐந்து நிமிடம் தேய்ப்பாய், பத்து நிமிடம் கண்ணை மூடுவாய். நான் தேய்க்கிறேன் என்றால், "நீ ஸ்டேரிங் புடிக்கிறவன், ஒனக்கு அரம் புடிக்க வராது" என்று பிடுங்கிக்கொள்வாய். ஒவ்வொரு தகட்டுக்கும் கீல் வைத்து, மேலும் கீழும் அசைத்து நிறுத்த மரை போட்ட கம்பி ஒன்று வைத்தாய்.

குளக்கரையில் நான் பூட்டினேன். நீ போனில் இருந்தாய். "நேரான பலகை ஒன்ன படகுக்கு அடியில வச்சு பின்னாடி நீட்டு. தகட்டோட வாலு அந்த பலகைய தொட்டா போதும்" என்றாய். நான் வழக்கம்போல அவசரப்பட்டு, இன்னும் கொஞ்சம் இறங்கட்டுமே என்று கம்பியை முறுக்கிவிட்டேன். படகு மூக்கால் தண்ணீரை உழுதுகொண்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. சொன்னபோது நீ இருமல் வருமளவுக்குச் சிரித்தாய். "தூக்குடா. ஒரு சுத்து. ஒரே சுத்து" என்றாய். ஒரு சுற்றுத் தூக்கினேன். சரியாகிவிட்டது.

உன்னை வேனில் கூட்டி வந்தோம். உன் வீட்டுக்காரி சால்வையால் சுற்றி, ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானுமாகத் தாங்கி, ஆறு வருடத்தில் முதல் தடவையாகப் பின்னால் என் பக்கத்தில் உட்காரவைத்தோம். காற்று வேண்டுமென்றே அன்றைக்குக் காலையிலேயே எழும்பியிருந்தது. நான் தயங்கினேன். "முறுக்கு" என்றாய்.

பின்பக்கம் மெல்ல எழும்பியது. மூக்கு இறங்கி, அலையை வெட்டிக்கொண்டு போனது. எதிரே குளம் முழுவதும் தெரிந்தது. நான் உன் கைகளைப் பார்த்தேன். பழக்கத்தில் இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, தோளைக் குறுக்கி, அடிக்காகக் காத்திருந்தாய். அடி வரவில்லை. அடுத்த அலை. வரவில்லை. வெகுதூரம் போன பிறகுதான் ஒரு கையை விட்டாய். பிறகு மற்றதை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து என்னால் ஒழுங்காக ஓட்ட முடியவில்லை.

நடுக்குளத்தில் இன்ஜினைத் தணிக்கச் சொன்னாய். தண்ணீரையே பார்த்துக்கொண்டு கேட்டாய்.

"இத நமக்கு யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்லடா."

கோபமாகக் கேட்கவில்லை. யார்மேலும் குறையில்லாத குரலில்தான் கேட்டாய். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது.

"நமக்கு யாருடா சொல்லுவா?" என்றேன்.

"அதுவும் சரிதான். மலைக்காட்டு ஆளுகளுக்கு யாரு சொல்லப் போறா" என்று சொல்லி என் முழங்காலில் தட்டினாய். மூன்று வாரத்தில் போய்விட்டாய்.

இப்போது மூக்கில் யாரும் உட்காருவதில்லை. வருகிறவர்கள் இந்தப் படகு ஆடாமல் போகிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். யானைக்குக் கதை சொல்ல ஆள் இல்லை. நான் கையை நீட்டிக் காட்டுவதோடு சரி. உன் வீட்டுக்காரியிடமாவது சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை லயத்துக்குப் போனேன். முதல் தடவை பேச்சை எடுக்கவே முடியவில்லை. இரண்டாம் தடவை நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "அண்ணே, கடசியில அந்த ஒரு நாளாச்சும் அவர நோகாம கூட்டிட்டு போனீங்களே, அது போதும்ணே" என்றாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவளுக்கு மிச்சமிருக்கிற அந்த ஒரு நாளைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே இது உனக்கும் எனக்கும் மட்டும். யாரும் நமக்குச் சொல்லாமல் இல்லை. முதல் வருடமே சொன்னார்கள். உன் முதுகு போய்விடும் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். எனக்குத் தெரியும். நீ கேட்டபோதும் தெரியும்.