தகரம் தட்டினால் தண்ணீர் வரும்

மாப்ளே,

சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். இன்று காலை மருமகள் ஆவாரம்பட்டையைக் கொதிக்கவைத்துக் கஷாயமாகக் கொண்டுவந்து நீட்டினாள். வாசனை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த பேப்பரை வைத்துவிட்டேன். பேகம்பூர் தோல் ஷாப்பில் ஆட்டுத்தோல்களைப் பதனிட ஊறப்போட்ட குழியின் அதே வாசனை. வருடக்கணக்காக எந்தச் சாற்றுக்குப் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேனோ, அதையே இந்த வயதில் வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்கிறாள். குடித்தேன். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சிரிக்க நீ இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது அந்த ஷாப்பில் நான் ஸ்டோர் பார்த்தேன், நீ ஆபீஸ் பார்த்தாய். ஒருவரையொருவர் மாப்ளே என்று உறவு சொல்லிக்கொண்டது எப்போது ஆரம்பித்தது என்று நினைவில்லை. சேவுகம்பட்டியிலிருந்து என் அம்மா கத்தரிக்காய் கொடுத்துவிட்டால் அதில் பாதி உன் உம்மாவுக்குப் போகும். அங்கிருந்து பெருநாள் பிரியாணி வரும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் எனக்குத்தான் லாபம்.

அந்த வருடம் பக்கத்து ஊர் தோல் ஷாப் ஒன்றில் ஆவாரம்பட்டை குவித்திருந்த ஷெட் எரிந்து சாம்பலானது. உடனே இன்ஷூரன்ஸ்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். இனிமேல் ஷாப்புக்கு ஒருவர் மதுரைக்கு வந்து தீத்தடுப்புப் பயிற்சி எடுக்க வேண்டும், திரும்பிப் போய் ஆட்களைப் பழக்க வேண்டும், தங்கள் ஆபீசர் வந்து ஒத்திகையைக் கண்ணால் பார்ப்பார், திருப்தி இல்லை என்றால் இன்ஷூரன்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் இல்லாத ஷாப்பின் சரக்கை மெட்ராஸ் வியாபாரிகள் தொட மாட்டார்கள். அதாவது ஷாப்பை மூட வேண்டியதுதான். எனக்காவது போய் விழ ஒரு கத்தரித் தோட்டம் இருந்தது. உனக்கு உம்மாவும் கல்யாணம் ஆகாத தங்கைகளும்தான் இருந்தார்கள். மொதலாளி உன்னைத்தான் மதுரைக்கு அனுப்பினார்.

போகும்போது நல்லபடியாகத்தான் போனாய். திரும்பி வந்தவன் வேறு ஆள். எதைப் பார்த்தாலும் "இது தப்பாப் போனா?" என்று ஒரு கேள்வி. டீக்கடை பெஞ்சில் உட்காரும் முன் குனிந்து காலை ஆட்டிப் பார்த்தாய். உன் மச்சான் கல்யாணத்தில், சம்பா அரிசிப் பிரியாணியைத் தம் போட்டுவிட்டு அப்போதுதான் உட்கார்ந்த சமையல் பண்டாரியிடம் போய், "அரிசி குழைஞ்சுட்டா என்ன ஏற்பாடு வச்சிருக்கீக?" என்று கேட்டாய். அந்த மனிதர் கரண்டியோடு எழுந்தார். நான் குறுக்கே விழுந்து உன்னை இழுத்துக்கொண்டு வந்தேன். வெளியே வந்த பிறகும் விடவில்லை. "கோவப்படுறாருன்னா ஏற்பாடு ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?" என்றாய்.

ஷாப்பில் உன் முதல் சண்டை சிவப்பு வாளிகளோடு. பட்டை ஷெட் சுவரில் வரிசையாக மாட்டி, தண்ணீர் நிரப்பி வைத்தாய். திண்டுக்கல்லில் நிரம்பிய வாளி எத்தனை நேரம் நிரம்பியே இருக்கும்? மதியம் லுஹர் தொழுகைக்கு ஆட்கள் அதில்தான் கை கால் கழுவி ஒளு செய்தார்கள். நீ போய்க் கேட்டதற்கு, ஆட்களில் மூத்தவரான முத்தலீப் பாய் தாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"தீ வந்தா அல்லா பாத்துக்குவான் தம்பி. ஒளு இல்லாமத் தொழுதா யாரு பாத்துக்குவா?"

நீயும் தொழுகிறவன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நீயே வாளிகளை நிரப்ப ஆரம்பித்தாய்.

அடுத்தது சத்தம். மணி அடித்தால் எல்லாரும் வெளியே ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாய். அடித்ததும் அத்தனை பேரும் கை கழுவிவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுக்கும் அதே மணிதானே. அதனால் மணியை விட்டுவிட்டு மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்தாய். நானும் நல்ல யோசனை என்றுதான் சொன்னேன். தெருக்குழாயில் தண்ணீர் விடும்போது ஒரு ஆள் தகரம் தட்டிக்கொண்டே பேகம்பூர்த் தெருக்களில் போவார் என்பது நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

தட்டினாய். உள்ளே இருந்த ஆட்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். வெளியே இருந்து தெருப் பெண்கள் குடங்களோடு அதே வாசலுக்கு ஓடி வந்தார்கள். நடுவில் நீ. நிஜத் தீயாக இருந்திருந்தால் ஒருவர்கூட வெளியேறியிருக்க முடியாது. முன்னால் நின்ற மைமூன் அக்காள் இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உன்னைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி இல்லாம எதுக்குலே தகரத்தத் தட்டுற? மனுசி செத்த நேரம் கண்ணசர வேணாமா?"

அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போனாய். ஷாப்பில் தகரம் தட்டினால் அது தீ, தண்ணீர் இல்லை, வராதீர்கள் என்று சொன்னாய். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சத்தத்தையே மாற்றிவிடலாமே என்றேன். ஆபீசர் வரும் நாள் நெருங்கிவிட்டது, இனி மாற்றினால் ஆட்கள் குழம்பிப் போவார்கள் என்றாய்.

ஆபீசர் வந்தது ஆடிமாதத்து வெள்ளிக்கிழமை. முழு வெள்ளையில் வந்தார், கால் செருப்பு உட்பட. தோல் ஷாப்புக்கு அப்படி வந்த மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காலையில் வாளிகளைப் பார்த்தார், நிரம்பியிருந்தன, தலையசைத்தார். ஜும்மா தொழுகை முடிந்து ஒத்திகை. ஜும்மாவுக்கு முன் வாளிகளுக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். ஆனால் அன்று நீ ஆபீசர் கூடவே நிற்க வேண்டியிருந்தது, வேறு யாரும் நிரப்பவில்லை.

முற்றத்தில் ஒரு கிழிந்த சாக்கைப் போட்டு நீயே கொளுத்தினாய். அதை அணைத்துக் காட்டுவதாகத் திட்டம். ஆடிக்காற்று மேற்கிலிருந்து ஒரு வீசு வீசியது. சாக்கின் பாதி எழுந்து போய்ப் பட்டை ஷெட் கூரையில் உட்கார்ந்தது. காய்ந்த ஆவாரம்பட்டைக்குச் சொல்லவா வேண்டும்? ஆட்கள் வாளிகளை எடுத்து வீசினார்கள். வாளிகள் மட்டும் போய் விழுந்தன. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது, இறைத்து ஆகாது. நீ தகரத்தை எடுத்தாய்.

தலையை ஆட்டிய பெண்கள் எல்லாரும் வந்தார்கள். தெருவே குடங்களோடு வந்தது.

"குழியில முக்குங்கக்கா!" என்று கத்தினாய்.

அதுவரை அந்தக் குழிகளை நாங்கள் யாரும் தண்ணீர் என்று நினைத்ததே இல்லை. அது பட்டைச்சாறு, மாதக்கணக்கில் ஊறுகிற சரக்கு. மொதலாளி இரண்டு கையையும் விரித்துக் குழியை மறித்தார்.

"ஏலே, தோலு ஊறுதுலே, தோலு."

"தோலு போனா இன்னொரு தோலு வாங்கலாம் மொதலாளி. ஷெட்டு போனா தெருவே போயிரும். தள்ளுங்க."

அவரிடம் அதுவரை யாரும் தள்ளுங்க என்று சொன்னதில்லை. அந்தத் திகைப்பிலேயே தள்ளி நின்றுவிட்டார். பெண்கள் முக்கி முக்கிக் கைமாற்றினார்கள், ஆட்கள் கூரையில் ஊற்றினார்கள். மைமூன் அக்காள் குறி பார்த்து வீசிய ஒரு குடம் மட்டும் கூரைக்குப் போகாமல் ஆபீசர் தலையில் போய் முடிந்தது. ஷெட்டில் ஒரு மூலைதான் கருகியது.

புகைக்கு நடுவே, டீ நிறத்தில் சொட்டிக்கொண்டு நின்ற ஆபீசர் உன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தெருவில் இருக்கிற பெண்களைக்கூடப் பழக்கி வைத்திருக்கிறீர்களே! எந்த ஊரிலும் நான் இதைப் பார்த்ததில்லை" என்றார். "எல்லாம் நம்ம தம்பி பழக்குனதுதான்" என்று மொதலாளி முந்திக்கொண்டார். நமக்கு வேலை இருக்கிறது, ஷாப் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நீ வாயைத் திறந்தாய். உன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் கையை விட்டு முதுகில் கிள்ளினேன்.

"கிள்ளாத மாப்ளே, வலிக்குது" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு ஆபீசரைப் பார்த்தாய். "நான் பழக்கலங்கய்யா. வராதீகன்னுதான் சொல்லியிருந்தேன். கொழாயில தண்ணி விட்டாச்சுன்னு நெனச்சு ஓடியாந்தாக. இன்னைக்கும் ஏமாந்தாச்சு. அடுத்த வாட்டி தட்டுனா ஒருத்தரும் வரமாட்டாக. அதையும் எழுதிக்கங்க."

மொதலாளி அல்லாவைக் கூப்பிட்டார். ஆபீசர் சட்டையின் ஓரத்தைப் பிழிந்தார், மறு ஓரத்தையும் பிழிந்தார். உன் தங்கைகள் முகம் எனக்குள் வந்து போனது.

"அவர்கள் வர வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்?" என்று ஆபீசர் கேட்டார்.

"தட்டுறப்பெல்லாம் தண்ணி குடுக்கணுங்கய்யா."

அதைத்தான் அவர் நிபந்தனையாக எழுதினார். கிணற்றை ஆழப்படுத்தி எஞ்சின் போட வேண்டும், வாசலில் குழாய் வைக்க வேண்டும், வாரம் ஒருமுறை தகரம் தட்டி ஒத்திகை நடத்தி, வந்தவர்களுக்குக் குடம் நிறையத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அப்படியானால் இன்ஷூரன்ஸ் உண்டு. ஷெட் எரியும்போது கலங்காத மொதலாளி எஞ்சின் என்ற வார்த்தைக்குத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஆனாலும் போட்டார். நீ அந்த வாரம் முழுக்க வாசலில் உட்கார்ந்து பட்டை நாற்றம் ஏறிய பித்தளைக் குடங்களைப் புளி போட்டுத் தேய்த்தாய். மைமூன் அக்காள் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, மறுபடி தேய்க்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு நானும் அதே பயிற்சிக்குப் போனேன், மதுரை மில் ஒன்றில் தீத்தடுப்பு வேலைக்கே அமர்ந்தேன். எங்கள் அஜாக்கிரதையிலிருந்து மில் அதிர்ஷ்டத்தால் தப்பிய நாட்களில் எல்லாம் மேலதிகாரிகள் வந்து என்னைப் பாராட்டினார்கள். ஒவ்வொரு முறையும் உன்னைத் திட்டிக்கொண்டே, "அது நாங்கள் செய்ததில்லை சார், தானாக நடந்தது" என்று சொன்னேன். அதனால் கைக்கு வந்த பிரமோஷனும் போனது. உன்னிடம் வந்து கத்தியபோது, "மில்லு இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு டீ சொன்னாய்.

இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்வதற்கு முன் ஒரு நொடி நிற்கிறேன். உன்னைப் போல் எனக்கு லேசாக வருவதில்லை. உனக்கென்ன, வேண்டாம் என்று முதுகில் கிள்ள ஒருவன் பின்னால் நின்றான். கிள்ள ஆளில்லாமல் உண்மையைச் சொல்வது ரொம்பக் கஷ்டம், மாப்ளே.